கல்லை உரசுவதா, ஆசிட் விடுவதா, லேபுக்கு அனுப்புவதா?

கடலூரில் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, அறிவியல் மன்றத்துக்குக் கொஞ்சம் காசு ஒதுக்கியிருக்காங்க. பிள்ளைங்க கேப்பர் மலையிலயும் கெடிலம் கரையிலயும் கல்லைப் பொறுக்கிக்கிட்டு வந்து 'இது என்ன மிஸ்?'னு நிக்குதுங்க. சோதிக்கிற சாமான் வாங்கட்டுமா, கெமிக்கல் வாங்கட்டுமா, இல்ல எல்லாத்தையும் யூனிவர்சிட்டிக்கே அனுப்பிடலாமா?"

மூன்றுமே வழிதான். ஆனால் மூன்றும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. உரசல், கீறல், எடை எல்லாம் கல் எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்லும். ஆசிட் அதற்குள் ஒரு குறிப்பிட்ட பொருள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். லேப் இயந்திரத்தில் ஒரு வகை எந்தத் தனிமங்கள் என்று சொல்லும், இன்னொரு வகை அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லும். எந்தக் கேள்வி என்று தெரியாமல் காசு செலவழித்தால், கையில் பதில் இருக்கும், கல்லின் பெயர் இருக்காது.

முதலில் ஒன்றைத் தள்ளிவிடலாம்: ஆன்லைனில் விற்கிற பளபளப்பான மாதிரிக் கல் பெட்டி. வழவழவென்று உருட்டி மெருகேற்றிய கற்கள். மெருகேற்றும்போது உடைந்த முகம் போய்விடும், பிளவு (கல் சமதளமாகப் பிளந்த முகம்) போய்விடும், மேல்தோல் போய்விடும். மிஞ்சுவது நிறம் மட்டும். கனிமத்தை அடையாளம் காண நிறத்தைப்போல ஏமாற்றும் குணம் வேறில்லை. குவார்ட்ஸ் ஒன்றே வெள்ளையாகவும் ரோஸாகவும் ஊதாவாகவும் புகை நிறத்திலும் வரும். அந்தப் பெட்டியை மேசையில் அழகுக்கு வைக்கலாம், பாடத்துக்கு உதவாது.

கையால் ஆகும் சோதனைகள்

ஜெர்மன் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் 1812-இல் கொடுத்த கடினத்தன்மை வரிசை இன்றும் பாடப்புத்தகத்தில் அப்படியே இருக்கிறது: டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளோரைட் 4, அபடைட் 5, ஆர்த்தோகிளேஸ் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. பத்துக் கல்லும் வாங்க வேண்டியதில்லை. நகம் சுமார் 2.5, செம்பு 3 அல்லது அதற்குச் சற்று மேல், கத்தியும் கண்ணாடியும் 5.5 பக்கம், நல்ல இரும்பு அரம் 6.5. பழைய வெளிநாட்டுப் புத்தகங்கள் "செம்புக் காசால் கீறிப் பார்" என்று சொல்லும். நம் சட்டைப்பையில் இருக்கிற ஒரு ரூபாய் நாணயம் செம்பு இல்லை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதை வைத்துக் கீறினால் கணக்கு தப்பும். எலக்ட்ரீஷியனிடம் கேட்டால் தடித்த செம்புக் கம்பி ஒரு துண்டு சும்மாவே கொடுப்பார்.

கீறியதும் விரலை எச்சில் தொட்டுக் கோட்டைத் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைத்தால் போய்விடுகிற கோடு கல்லில் விழுந்த கீறல் இல்லை, ஆணியின் இரும்பு அதன்மேல் அப்பிக்கொண்டது. பிள்ளைகள் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் குவார்ட்ஸை "மெதுவான கல்" என்று எழுதுகிறார்கள்.

அடுத்தது, உரசினால் விழும் பொடியின் நிறம். கல்லின் வெளி நிறத்தைவிட இது பல மடங்கு நம்பகம். இதற்கு மெருகு பூசாத பீங்கான் வேண்டும். சுவர் டைல்ஸின் பின்பக்கம் போதும் என்பார்கள். அது மெத்தென்றிருக்கும், கல்லே அதைத் தின்றுவிடும். விருத்தாசலம் பக்கம் பீங்கான் தொழில் இருக்கிறது. உடைந்த மின்கம்ப இன்சுலேட்டரின் மெருகில்லாத உடைவு முகம் இந்த வேலைக்குப் பிரமாதம். கேப்பர் மலையின் செம்மணற்கல்லிலும் ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணிலும் கிடைக்கும் இரும்புக் கட்டிகளை அதில் உரசிப் பாருங்கள். வெளியே எல்லாம் ஒரே கருஞ்சிவப்பு மாதிரி தெரியும். ஆனால் ஒன்று மஞ்சள் கலந்த பழுப்புக் கோடு போடும், அது கோத்தைட் வகை. ஒன்று ரத்தம் காய்ந்த மாதிரிச் சிவப்புக் கோடு போடும், அது ஹெமடைட். கறுப்புக் கோடு விழுந்து காந்தமும் ஒட்டினால் மேக்னடைட்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லட்சக்கணக்கில் விலை சொல்லும் கைத்துப்பாக்கி மாதிரியான எக்ஸ்ஆர்எஃப் கருவியை (எக்ஸ் கதிர் பாய்ச்சி எந்தத் தனிமங்கள் என்று சொல்வது) இந்த மூன்றின்மேலும் வைத்தால், மூன்றுக்கும் "இரும்பு" என்றுதான் சொல்லும். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் அதன் கண்ணில் படாது. உடைந்த இன்சுலேட்டர் ஜெயிக்கிற இடம் இது.

பிளவைப் பார்க்க நல்ல பொருள் தெருவிலேயே கிடக்கிறது: புதிதாக உடைத்த ஜல்லி. ஒரு துண்டை வெயிலில் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். சில புள்ளிகள் சட்டென்று கண்ணாடி மாதிரி ஒரே நேரத்தில் மின்னி அணையும். அவை ஃபெல்ட்ஸ்பார், ஏறக்குறைய செங்கோணத்தில் இரு திசையில் சமமாகப் பிளக்கும். மின்னாமல் எண்ணெய் தடவின மாதிரி மங்கலாகப் பளபளப்பவை குவார்ட்ஸ். அதற்குப் பிளவு இல்லை, கண்ணாடிபோல் வளைந்து வளைந்து உடையும். கடினத்தன்மையில் ஒன்று 6, ஒன்று 7 என்பதால் ஆணியால் இரண்டையும் பிரிக்க முடியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் வெயிலும் பிரித்துவிடும். (வெங்கச்சங்கல் என்று ஊரில் சொல்கிறோமே, அதுவும் குவார்ட்ஸ்தான். இருட்டறையில் இரண்டை ஒன்றோடொன்று வேகமாக உரசினால் உள்ளுக்குள் ஒளி ஓடும். சோதனைப் பட்டியலில் இதற்கு இடமில்லை, ஆனால் ஒரு வகுப்பையே கட்டிப்போடும்.)

இனி எடை. என் கணக்கில் ஆசிரியர்கள் மிகவும் அலட்சியம் செய்யும் சோதனை இதுதான். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றும் நூலும் டம்ளர் தண்ணீரும் இருந்தால் ஒப்படர்த்தி (அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) கண்டுபிடித்துவிடலாம். கல்லை உலர்ந்தபடி நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து பூஜ்யம் ஆக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முங்கவிடுங்கள். தராசு காட்டும் கூடுதல் எடைதான் கல் விலக்கிய தண்ணீர். முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்க வேண்டியதுதான். 90 கிராம் கல்லுக்கு 34 காட்டினால் 2.65, குவார்ட்ஸ் பக்கம். அதே 90 கிராமுக்கு 20 மட்டும் காட்டினால் 4.5; வெள்ளையாக இருந்துகொண்டு இவ்வளவு கனக்கிற கல் என்றால் பேரைட்டை நினைக்கலாம், ஆந்திராவின் மங்கம்பேட்டையில் வெட்டி எடுக்கிறார்களே அது. 39 காட்டினால் 2.3, ஜிப்சம் பக்கம்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கிராம் முன்பின் காட்டும் தராசில் அந்த 34 என்பது 33-ஆகவும் இருக்கலாம், 35-ஆகவும் இருக்கலாம், விடை 2.57-க்கும் 2.73-க்கும் நடுவே எங்கேயும் விழும். கால்சைட்டின் 2.71-ம் அதற்குள் வந்துவிடுகிறது. குவார்ட்ஸையும் கால்சைட்டையும் பிரிக்கத் தராசு போதாது, ஆணி போதும். கல் சிறிதாக இருந்தால் நகைக்கடையில் வைத்திருக்கும் மில்லிகிராம் கணக்கிலான சின்னத் தராசு வேண்டும். சல்லடை மாதிரித் துளை விழுந்த செம்பாறாங்கல்லுக்கு இது வேலைக்காகாது. உள்ளே காற்று நிற்கும், எடை குறைத்துக் காட்டும்.

ஆசிட்

அக்கா பள்ளியில் பிளஸ் டூ இருக்கிறது. அப்படியென்றால் உப்புப் பகுப்பாய்வுக்கான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் லேபில் ஏற்கெனவே இருக்கும்; தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கழிவறை கழுவும் ஆசிட்டை யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதன் வலு எவ்வளவு என்று தெரியாது. பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் சிந்தினால் குளோரின் கிளம்பும்.

ஆசிட் ஒரே ஒரு குடும்பத்தைத்தான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்: கார்பனேட்டுகள். கால்சைட்டில் ஒரு சொட்டு விட்டதும் சோடா திறந்த மாதிரி நுரைக்கும். டோலமைட் அப்படியே சும்மா இருக்கும். ஆணியால் கீறிப் பொடி உண்டாக்கி அதன்மேல் விட்டால்தான் மெல்ல நுரைக்கும். சேலத்து மேக்னசைட் குளிர்ந்த ஆசிட்டுக்கு அசையாது, சூடாக்கினால் நுரைக்கும். ஆக, "நுரைக்கவில்லை" என்று எழுதுவதற்கு முன் கட்டியா பொடியா, குளிர்ந்ததா சூடா என்று எழுத வேண்டும். இந்த நான்கு சொல் இல்லாத ஆசிட் குறிப்பை நான் நம்புவதில்லை.

எதிர்ப்பக்க ஏமாற்றும் உண்டு. வானூர், வழுதாவூர் பக்கம் கிடைக்கும் பழைய கடலடிப் பாறைகளில் மணற்கல்லின் மணிகளைச் சுண்ணாம்புதான் பசைபோல் ஒட்டி வைத்திருக்கும். ஆசிட் விட்டால் நுரைக்கும். அதனால் கல் முழுவதும் சுண்ணாம்புக்கல் என்று எழுதிவிடக் கூடாது. நுரை அடங்கியதும் அடியில் தங்கும் மணலை லென்ஸில் பாருங்கள். திருவக்கரைக் கல்மரங்களை யாராவது "சுண்ணாம்பாக மாறிய மரம்" என்று சொன்னாலும் சரி பார்ப்பது சுலபம்தான்: மரம் இருந்த இடத்தில் சிலிக்கா ஏறியிருக்கிறது, ஆசிட் அதை ஒன்றும் செய்யாது, ஆணியும் கீறாது. ஆனால் அங்கே போய்ச் சோதிக்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம். துண்டு எடுப்பதும் குற்றம், ஆசிட் ஊற்றுவதும் குற்றம்.

சுடர்ச் சோதனை பார்க்க அழகு: செம்புக்குப் பச்சை, கால்சியத்துக்குச் செங்கல் சிவப்பு, பேரியத்துக்கு ஆப்பிள் பச்சை. ஆனால் இயற்கைக் கல்லில் எங்கும் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மஞ்சள் மற்ற நிறங்களை விழுங்கிவிடும். கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். சல்பைடு கற்களின்மேல் ஆசிட் விடும் சோதனையை வகுப்பறையில் வைக்கவே கூடாது. கலீனா (ஈயச் சல்பைடு) போன்றவற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு.

இதுவரை படித்தால் வேதியியல் பக்கம் தோற்றுவிட்ட மாதிரி இருக்கும். பொடி என்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழ்.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் மணிலாப் பயிருக்கு (நிலக்கடலை) மண் அணைக்கும் சமயத்தில் ஜிப்சம் போடுவார்கள். ஹெக்டேருக்கு 400 கிலோ என்பது வழக்கமான பரிந்துரை. காய் திரள்வதற்குக் கால்சியமும் எண்ணெய்ச் சத்துக்குக் கந்தகமும் அதிலிருந்து கிடைக்கின்றன. மூட்டையில் வருவது வெள்ளைப் பொடி. அது ஜிப்சமா, அரைத்த சுண்ணாம்புக்கல்லா? கட்டியாக இருந்தால் நகத்தால் கீறி ஒரு நொடியில் சொல்லலாம். பொடியை எப்படிக் கீறுவது? எதை உரசுவது? எடையும் பொடிக்குச் சரிவராது. இங்கே ஆசிட் ஒரு சொட்டு போதும்: பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது.

நுரைக்காவிட்டால் மட்டும் ஜிப்சம் என்று ஆகிவிடாது. வெள்ளை மணல் பொடியும் நுரைக்காது. வெயிலில் நன்றாகக் காய்ந்த பொடியை உலர்ந்த சோதனைக்குழாயில் போட்டு மெதுவாகச் சூடாக்குங்கள். ஜிப்சம் தன் படிகத்துக்குள்ளேயே தண்ணீரை வைத்திருக்கிறது. குழாயின் மேல்பகுதி குளிர்ச்சியாக இருக்கும் இடத்தில் முதலில் புகைபோல் மூடும், பிறகு பொட்டுப் பொட்டாகத் துளி கோக்கும், ஒன்றிரண்டு வழிந்து இறங்கும். அடியில் மிஞ்சுவதைச் சற்றே தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்தால் இறுகும். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற அதே மாவு. இன்னும் உறுதி வேண்டுமென்றால் பொடியைத் தண்ணீரில் கலக்கி வடிகட்டி, நீர்த்த ஆசிட்டும் பேரியம் குளோரைடு கரைசலும் சில சொட்டு விடுங்கள். கரையாத வெள்ளை வீழ்படிவு வந்தால் சல்பேட் உண்டு. பேரியம் குளோரைடு விஷம். இதை ஆசிரியர் கையால் மட்டும்.

லேப்

தங்கத்தில் இந்த மூன்று வழியும் நம் கண்முன்னே இருக்கின்றன. ஆசாரி உரைகல்லில் தேய்த்துக் கோட்டைப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் கோட்டின்மேல் ஆசிட் வைப்பார். இன்று புதுச்சேரியில் பெரிய நகைக்கடைக்குப் போனால் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரத்தில் வைத்து நிமிஷத்தில் இத்தனை சதவீதம் என்று சீட்டுத் தருகிறார்கள். அந்த இயந்திரம் பார்ப்பது மேல்பரப்பின் மெல்லிய படலத்தை மட்டும். தடித்த முலாம் அதை ஏமாற்றும். அதனால்தான் அனுபவசாலிகள் ஓரத்தில் அராவிப் பார்க்கச் சொல்கிறார்கள். கல்லுக்கும் அதே கதி: வெயிலும் மழையும் பட்டு மாறிப்போன மேல்தோலைப் படித்துவிட்டு உள்ளே இருப்பதைப்பற்றிப் பேசும். உடைத்துப் புது முகத்தைக் காட்டாமல் எடுத்த எக்ஸ்ஆர்எஃப் அறிக்கைக்கு மதிப்பில்லை.

எக்ஸ்ஆர்டி வேறு சாதி. பிராக் என்ற விஞ்ஞானிகள், அப்பாவும் மகனும், படிகத்தின்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி, அணு அடுக்குகளின் இடைவெளியை அளந்தார்கள். 1915-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் கிடைத்தது. அந்த வழிதான் இன்றைய இயந்திரத்திலும். தனிமத்தை எண்ணாது, அடுக்கைப் படிக்கும். ஒரு சிட்டிகை பொடி இருந்தால் போதும்.

எப்போது இதற்கு அலையலாம்? இரண்டு இடத்தில் கைச்சோதனை கைவிரித்துவிடும். ஒன்று களிமண். விருத்தாசலம், நெய்வேலி பக்கத்துக் களிமண்ணில் கயோலின் (பீங்கானுக்கான வெள்ளைக் களிமண்) எவ்வளவு, வேறு களிமண் கனிமம் எவ்வளவு என்று எந்த ஆணியும் ஆசிட்டும் சொல்லாது; மணிகள் கண்ணுக்கே தெரியாத அளவு.

இரண்டாவது, பழுப்பு நிலக்கரியோடு வரும் பித்தளை நிற இரும்புச் சல்பைடு முடிச்சு. பைரைட்டா, மார்கசைட்டா? இரண்டிலும் அதே இரும்பு, அதே கந்தகம், அதே விகிதம். கடினத்தன்மை இரண்டுக்கும் 6-லிருந்து 6.5. பொடி இரண்டிலும் கறுப்பை ஒட்டிய நிறம். எடையும் 5.0, 4.9 என்று ஒட்டி ஒட்டி நிற்கும். எக்ஸ்ஆர்எஃப் இரண்டையும் ஒன்று என்றே சொல்லும். கனசதுரப் படிகம் தெளிவாகத் தெரிந்தால் பைரைட் என்று துணிந்து சொல்லலாம். ஈட்டிமுனை, சேவல் கொண்டை மாதிரி தெரிந்தால் மார்கசைட். படிகம் தெரியாத உருண்டை என்றால் எக்ஸ்ஆர்டிதான் வழி. அலமாரியில் வைத்த பிறகு இது வெறும் பெயர்ப் பிரச்சினையும் இல்லை. மார்கசைட் நம் கடற்காற்று ஈரத்தில் சீக்கிரம் சிதையும். முதலில் பளபளப்பு போகும், பிறகு வெடிப்பில் வெண்சாம்பல் பூக்கும், கந்தக நெடி அடிக்கும். கசியும் கந்தக அமிலம் அடியில் ஒட்டிய காகிதச் சீட்டைப் பழுப்பாக்கிப் பொடிப்பொடியாகத் தின்றுவிடும். பெயர் சீட்டோடு போய்விட்டால், பிறகு அது என்ன கல் என்று கேட்கவும் ஆள் இருக்காது. சந்தேகமுள்ள முடிச்சைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, மற்றக் கற்களிலிருந்து தள்ளி வையுங்கள்.

கீறவே கூடாதவை

பாட்டி பெட்டியில் இருக்கும் பழைய சிவப்பு மணி கார்னீலியனா (குவார்ட்ஸ் வகைச் சிவப்புக் கல்), கண்ணாடியா என்று கேட்பவர்கள் அரியாங்குப்பம் பக்கம் அதிகம். அரிக்கமேடு பக்கத்திலேயே இருக்கிறதல்லவா. 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். கல்மணியும் கண்ணாடிமணியும் இரண்டுமே அங்கே செய்யப்பட்டிருக்கின்றன. ஆணி, ஆசிட் இரண்டையும் தூர வையுங்கள். எடையும் உதவாது: கண்ணாடி 2.5 பக்கம், கார்னீலியன் 2.6, சின்ன மணியில் அந்த வித்தியாசம் தெரியாது.

லென்ஸ் உதவும். இழுத்துச் செய்த கண்ணாடி மணியில் காற்றுக் குமிழிகள் உருண்டையாக இல்லாமல், துளையின் திசையிலேயே நீண்டு கோடுகோடாகக் கிடக்கும். கல்லில் குமிழி இராது. துளையின் உள்சுவரில் துரப்பணம் விட்ட வளையங்கள் தெரியலாம். இன்னொரு வழி: உடைந்த எல்சிடி திரையிலிருந்து கிடைக்கும் ஒளிமுனைவுத் தாள் (போலரைசர்) இரண்டு. ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒளி மறையும்வரை திருப்பி, நடுவில் மணியை வைத்துச் சுழற்றுங்கள். ஒளி புகும் மணி கார்னீலியனாக இருந்தால் எப்படித் திருப்பினாலும் வெளிச்சமாகவே இருக்கும். கண்ணாடி பெரும்பாலும் இருண்டே கிடக்கும்.

அக்காவுக்கு நான் சொன்ன பட்டியல்: பத்து மடங்கு லென்ஸ் நல்லதாக இரண்டு, அதற்குத்தான் அதிகப் பணம் போட வேண்டும், மில்லிகிராம் தராசு ஒன்று, நியோடிமியம் காந்தம் ஒன்று, வெள்ளிக் கடற்கரையில் அலை கறுப்பாக ஒதுக்கிவைக்கும் மணலைப் பிரிக்க அது போதும் (சாதாரணக் காந்தம் மேக்னடைட்டை மட்டும் எடுக்கும், இது இல்மனைட்டையும் ஓரளவு கார்னெட்டையும் அசைக்கும்). அரம், ஆணி, செம்புக் கம்பி, இன்சுலேட்டர் துண்டு காசில்லாமல் வரும். ஆசிட் லேபில் இருக்கிறது, பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் இல்லை. அதை வாங்கச் சொன்னேன்.

மிச்சப் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, வருஷத்துக்கு ஓரிரண்டு கல்லுக்கு மட்டும் லேபைக் கேட்கலாம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் புவி அறிவியல் துறைகள் இருக்கின்றன. தலைமையாசிரியர் கையெழுத்தோடு கடிதம் கொடுத்துக் கேட்பதுதான் முறை. அனுப்பும்போது கல்லை இரண்டாக உடைத்து ஒரு பாதியைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உறையின்மேல் கிடைத்த இடம், தேதி, தரையில் கிடந்ததா பாறையில் இருந்து எடுத்ததா, கையால் செய்த சோதனைகளின் விடை எல்லாம் எழுதுங்கள். கடைசியில் கேள்வியையும் எழுதுங்கள்: "இது என்ன?" என்றல்ல, "பைரைட்டா மார்கசைட்டா?" என்று.